கதவை முதலில் பாருங்கள், டிக்கியை அப்புறம் பார்க்கலாம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை கார் ஆடியோ. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சங்கதியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பத்து வருஷப் பழைய வேகன்-ஆர் வைத்திருக்கிறேன். யு.எஸ்.பி., புளூடூத் உள்ள செட் நன்றாகவே ஓடுகிறது. முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும் கிழிந்துவிட்டன. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. கீழே ஒரு கடையில் பின்னால் 6×9 ஓவல் ஒரு ஜோடி, டிக்கியில் 10 அங்குல பாஸ் பெட்டி, ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), எல்லாம் இந்தப் பணத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா? (கோத்தகிரி)

பதில்: வேண்டாம். அவ்வளவு சாமானும் 15,000-க்குள் அடங்குகிறது என்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வயரில்தான் வைப்பார்கள். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தவிர, பாட்டுக் கேட்கப்போகிறவர் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். குரலும் நாதஸ்வரமும் பின்மண்டையிலிருந்து வருவானேன்?

உங்கள் பணத்தை இப்படிப் பிரியுங்கள். முன்கதவு ஸ்பீக்கர் ஜோடிக்கு 5,500. கதவு வேலைக்கு 2,500. வயர், கப்ளர் (செருகு இணைப்பு), ஸ்லீவ், ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம் ஆகியவற்றுக்கு 1,000. மீதி ஆறாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். ஒரு மாதம் கேட்டுப் பார்த்து, சத்தம் போதவில்லை என்றால் சின்ன நாலு சேனல் ஆம்ப், அடிநாதம் போதவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல ஆம்ப் சேர்ந்த வூஃபர் என்று முடிவு செய்யலாம். பின்கதவில் பழைய ஸ்பீக்கர் இருந்தால் அதுவே போதும்; செட்டில் முன், பின் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரை முன்பக்கம் தள்ளிவிடுங்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்டைப் பார்க்காதீர்கள். செட்டின் முகத்தில் "50×4" என்று இருந்தாலும், தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட்தான். இந்தச் சக்தியை வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்பதால் நீங்கள் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. 89 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தால், அந்த 3 டெசிபல் வித்தியாசம் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். காசு கொடுக்காமல் கிடைக்கும் வாட் இது.

மேல்நாதம் தரும் சின்ன ட்வீட்டர், ஸ்பீக்கரின் நடுவிலேயே இருக்கும் கோஆக்ஸியல் போதும். காம்பொனென்ட் செட்டில் ட்வீட்டரைத் தனியாகப் பக்கவாட்டு மிரர் அருகிலுள்ள முக்கோணத்தில் வைக்கலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் மேல்நாதத்தையும் கீழ்நாதத்தையும் பிரித்து அனுப்பும் அதன் கிராஸோவர் டப்பாவைக் கதவுக்குள் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் பூத்துப்போகும். கூம்பு பாலிப்ரொப்பிலீனாக, ஓரம் ரப்பராக இருக்க வேண்டும். காகிதக் கூம்பும் ஃபோம் ஓரமும் நம் ஊர்ச் சாரலுக்குத் தாங்காது. அளவு பார்க்கும்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். காந்தம் கண்ணாடியில் இடித்த பிறகு கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி கதவு. மலையில் ஓடும் வண்டிக்கு ஸ்பீக்கரைவிட இதுதான் முக்கியம்.

கண்ணாடி ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் எப்போதும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உள்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் தண்ணீரைக் கேபினுக்குள் விடாமல் கீழே தள்ளும். கதவின் அடியோரத்தில் இருக்கும் இரண்டு மூன்று ஓட்டை வழியாக அது வெளியேறும். ஸ்பீக்கர் மாற்ற டோர் பேடைக் கழற்றுகிறவர் அந்த ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே பேடை மாட்டிவிடுவார். அடுத்த மழையில் கால் வைக்கும் கார்ப்பெட் ஈரமாகும். பூஞ்சை நாற்றம் வந்தபின் ஏசி-யில் கோளாறு என்று தேடுவார்கள். ஷீட் கிழிந்தால் தடிமனான பாலித்தீனில் அதே வடிவத்துக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள். ஷீட்டின் கீழ்முனை கதவின் இரண்டு தகட்டுக்கும் நடுவே இறங்கியிருக்க வேண்டும்.

பிறகு டேம்பிங், அதாவது தகட்டின் அதிர்வை அடக்குவது. பியூட்டைல் ஷீட், மேலே அலுமினியத் தாள் உள்ளது, இரண்டு முன்கதவுக்கும் சேர்த்து 8 முதல் 10 சதுர அடி. வெளித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று தகரடப்பா மாதிரி ஒலிக்கும் நடு இடத்தில் கால்வாசிப் பரப்பை ஒட்டினாலே 'டொக்' என்று மாறிவிடும். மீதியை ஸ்பீக்கரைச் சுற்றி உள்தகட்டில் ஒட்டுங்கள். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டாம்: இங்கே குளிரில் ஒட்டாது, மேட்டுப்பாளையத்து வெயிலில் இறங்கி நின்றால் உருகி வழியும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முடி உலர்த்தும் டிரையரால் தகட்டைக் கைச்சூட்டுக்குக் கொண்டுவந்து, சின்ன ரோலரால் அழுத்துங்கள். காலை எட்டு மணிப் பனியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், மதியம் செய்யுங்கள். அடியிலுள்ள வடிகால் ஓட்டையை எதுவும் மூடக் கூடாது. மூடினால் கதவு ஒரு குடம். ஓரத்திலிருந்து துரு ஏறும். கண்ணாடி மோட்டாருக்குப் போகும் பெரிய துளையையும் நிரந்தரமாக அடைக்காதீர்கள். மோட்டார் கெட்டால் பிரித்தாக வேண்டும்.

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தை எம்.டி.எஃப். பலகையில் வெட்டிக் கொடுப்பார்கள். அது ஈரத்தில் பிஸ்கட் மாதிரி ஊறும், ஸ்க்ரூ பிடி விட்டுவிடும். பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள். மரம்தான் கிடைக்கிறது என்றால் மரைன் பிளைவுட்டில் வெட்டி, வெட்டுமுகம் உட்பட இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். காந்தத்துக்கு மேலே குடை மாதிரி ஒரு ஃபோம் மூடி, கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே செல்லாது. ஆறு மாதத்தில் டேப்பின் பசை நெகிழ்ந்து, உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைத்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயர் முனைக்கு முன்னால் கீழே தொங்கி மேலே ஏறுமாறு ஒரு வளைவு விடுங்கள்; வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், முனைக்குப் போகாது. கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் வாங்கிப் போடுவது நல்லது.

டிக்கிப் பெட்டியை எப்போதாவது போடுவதாக இருந்தால் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் பதினைந்து கிலோ பெட்டி சும்மா இருக்காது. அதற்காக டிக்கித் தரையில் கண்ணை மூடிக்கொண்டு டிரில் போட்டுவிடாதீர்கள்; அடியில் குனிந்து பெட்ரோல் டேங்க் எங்கே, குழாய் எங்கே என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியார் தாண்டினால் பாட்டுச் சத்தம் மங்குகிறது. குன்னூர் வந்து கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. செட்டில் என்ன கோளாறு? (குன்னூர்)

பதில்: செட்டில் ஒன்றுமில்லை, காது அடைக்கிறது. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்று அதே வேகத்தில் வெளியேறாததால் பறை இறுகி ஒலி மந்தமாகக் கேட்கிறது. எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். வால்யூமை ஏற்றாதீர்கள். காது திறந்துகொள்ளும்போது மண்டையில் அடிக்கும். வளைவில் எதிரே வருகிறவரின் ஹாரனும் கேட்காது.

கேள்வி: 50 வாட் நாலு சேனல் ஆம்ப் போட்டேன். ஸ்பீக்கர் "300 வாட்". ஆறே மாதத்தில் இடதுபக்கம் கருகிவிட்டது. 50 வாட் ஆம்ப் 300 வாட் ஸ்பீக்கரை எப்படிக் கருக்கும்? (ஊட்டி)

பதில்: அந்த 300, ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவு பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். 40, 50 என்றுதான் இருக்கப்போகிறது. ஆம்பை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அப்போது 50 வாட் ஆம்பிலிருந்து அதைவிடக் கூடுதலான சக்தி ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) போகிறது. கூம்பு அதற்கேற்ப அசைந்து காற்று வாங்காது, சூடு மட்டும் ஏறும். வார்னிஷ் வாசம் வந்திருக்குமே, கவனித்தீர்களா?

காரணம், ஆம்பில் இருக்கும் கெயின் குமிழை வால்யூம் என்று நினைத்துத் திருகியது; அது செட்டிலிருந்து வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று அமைக்கும் குமிழ். அதைச் சரியாக வைக்க 300 ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். செட்டில் பாஸ், டிரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆம்பின் ஃபில்டரை அணையுங்கள், கெயினை முழுக்கக் குறையுங்கள். பென் டிரைவில் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றைப் போட்டு, செட்டின் வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் பிடித்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். 50 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.1. மீட்டர் அதைக் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் 40 வாட் என்றால் 12.6-இல் நிறுத்த வேண்டும். பிறகு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். கதவு ஸ்பீக்கர் அடிநாதத்தோடு மல்லுக்கட்டுவது நிற்கும். இனி அந்த முக்கால் வால்யூம்தான் எல்லை.

கூடவே பேட்டரியிலிருந்து வரும் வயரையும் ஒரு பார்வை பாருங்கள். 8 கேஜ், முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியம் என்று ஒன்று விற்கிறார்கள், மேலே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் மின்தடை அதிகம், ஈரத்தில் முனையும் சீக்கிரம் அரித்துவிடும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் வயர் தகட்டில் உரசினால், எரியப்போவது வண்டி. ஆம்பை சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்மீது நேராக வைக்காதீர்கள். ஈரச் செருப்போடு ஏறும் ஊர் இது. இரண்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

கேள்வி: புது ஆண்ட்ராய்டு செட் மாட்டியதிலிருந்து கோடை பண்பலை 100.5 கரகரவென்று கேட்கிறது. பழைய செட்டில் வீட்டு வாசலிலேயே தெளிவாகக் கேட்டது. ஒலிபரப்பு நிலையம் இருக்கும் மலையிலேயே இருந்துகொண்டு இப்படியா? (பண்ணைக்காடு)

பதில்: நீல வயரைப் பாருங்கள். பல கார்களில் கூரை ஆன்டெனாவின் அடியில் சின்ன பூஸ்டர் ஒன்று இருக்கும். அதற்கு 12 வோல்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். கம்பெனி செட் அதை ஆன்டெனா வயர் வழியாகவே கொடுத்துவிடும். வெளிச் செட்டில் அதற்கென்று தனி நீல வயர் வரும், அதை ஆன்டெனா அடாப்டரின் வயரோடு சேர்க்க வேண்டும். மாட்டுகிறவர்கள் பாதிப் பேர் அதைச் சுருட்டி உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

அது சரியாக இருந்தால், எஞ்சினை ஓடவிட்டு, சிகரெட் லைட்டர் துளையில் இருக்கும் போன் சார்ஜர், டேஷ் கேமரா, எல்.இ.டி. விளக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கேளுங்கள். மலிவு சார்ஜர் பண்பலை அலைவரிசையிலேயே இரைச்சலைக் கக்கும். குற்றவாளி அனேகமாக அங்கேயே பிடிபடும்.

ஆன்டெனா அடிப்பாகத்துக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே துரு இருந்தாலும் இதே நோய்தான். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ரப்பரை மாற்றுங்கள். கம்பி ஆன்டெனா உடைந்து குட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்: 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 மீட்டர், அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். குட்டை ஆன்டெனாக்கள் பூஸ்டரை நம்பித்தான் பிழைக்கின்றன.

வளைவுகளில் விட்டுவிட்டுக் கேட்பது வேறு சங்கதி. பண்பலை நேர்க்கோட்டில் போகும் அலை. நடுவில் பாறை நின்றால் நேராக வராது, எதிர்ச்சரிவில் பட்டு எதிரொலித்து வரும். நேரே வந்ததும் பட்டு வந்ததும் மோதும் இடத்தில் 'சர் சர்' என்று வெட்டும். செட்டில் மோனோ வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இரைச்சல் பாதியாகக் குறையும்.

கேள்வி: சனி, ஞாயிறு மட்டும் எடுக்கும் கார். புது செட் போட்டபின் மார்கழியில் இரண்டு முறை ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. குளிர்தான் காரணமா? (ஊட்டி)

பதில்: குளிருக்குப் பாதிப் பழி. உறைபனி விழும் காலையில் பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாக இருக்கும். மீதிப் பழி செட்டுக்கு.

செட்டில் மஞ்சள் வயர் நிரந்தர 12 வோல்ட்டுக்கு, நினைவை வைத்துக்கொள்ள. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வரும் ஏசிசி லைனுக்கு. இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர லைனில் கொடுத்துவிட்டால், சாவியை எடுத்தபிறகும் செட் அரைத்தூக்கத்தில் கிடக்கும். 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தாம் நாள் காலி.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். கதவுகளைச் சாத்தி, அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் செட்டின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எண் விழுந்தால் ஆள் அகப்பட்டான். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் மறந்துபோய் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

கேள்வி: பழைய ஜீப். முன்பு இருந்த கேசட் பிளேயரை எடுத்துவிட்டு யு.எஸ்.பி. செட் போட்டோம். பழைய ஸ்பீக்கர் வயரிலேயே கொடுத்தோம். ஒரே நாளில் செட் செத்தது. மாற்றிக் கொடுத்ததும் செத்தது. (மன்னவனூர்)

பதில்: மூன்றாவதையும் மாட்டாதீர்கள். பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரு வயர்தான் போகும். மறுமுனை பாடியில் எர்த். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் பாட்டோடு கூடவே 6 வோல்ட் வாக்கில் நிற்கும். அதில் எதையும் பாடியில் தொட்டால் உள்ளே இருக்கும் ஐ.சி. போய்விடும். பழைய வயரை மறந்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து தனித்தனி ஜோடி இழுங்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். மாட்டும் முன் ஸ்பீக்கர் முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்துத் தொடர்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே ஜோடியில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும். அதற்கும் செட் தாங்காது.

கேள்வி: ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று கூடவே ஏறுகிறது. (கூடலூர்)

பதில்: ஆல்டர்னேட்டர் இரைச்சல். போனை ஆக்ஸ் வயரில் போட்டு, அதே போனைச் சார்ஜரிலும் மாட்டியிருக்கிறீர்களா? சார்ஜரைப் பிடுங்குங்கள், நின்றால் வேலை முடிந்தது, இனி புளூடூத்தில் கேளுங்கள். நிற்கவில்லை, ஆம்ப் இருக்கிறது என்றால், செட்டை அணைத்துவிட்டு, செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவந்து ஆம்பில் செருகியிருக்கும் ஆர்.சி.ஏ. வயரைப் பிடுங்கி, செட்டை மட்டும் மறுபடி போட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு செட் பக்கம், நிற்காவிட்டால் ஆம்பின் எர்த். எர்த் வயர் 45 சென்டிமீட்டருக்குள், பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில், வளைய முனையும் பல் வாஷரும் போட்டு இறுக வேண்டும். இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தென்மேற்குப் பருவத்தில் துருவேறி இரைச்சல் திரும்ப வரும். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டாதீர்கள். பவர் வயர் வண்டியின் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. மறுபக்கம்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஸ்பீக்கர் வாங்கலாமா? எப்படிப் பார்ப்பது? (கொடைக்கானல்)

பதில்: ஸ்பீக்கர் வாங்கலாம். ஆம்ப் வேண்டாம், திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

கடைக்கு ஒரு மல்டிமீட்டரும், ஒரு சுவர்க் கடிகார செல்லும் கொண்டுபோங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்ட வேண்டும். எண்ணே வரவில்லை என்றால் காயில் அறுந்தது. 2-க்குக் கீழே என்றால் உள்ளே கருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிறகு கூம்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் வைத்து ஒரே சீராக உள்ளே அழுத்தி, காதருகே பிடித்து மெல்ல விடுங்கள். மணல் அரைவது மாதிரி 'சர்' என்று உரசினால் வைத்துவிடுங்கள். ரப்பர் ஓரத்தை விரலால் லேசாக இழுத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். கடைசியாக, 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள்: கூம்பு வெளியே தாவ வேண்டும். உள்ளே போனால் முனை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அப்படியே மாட்டினால் இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பாஸ் காணாமல் போகும். அது குற்றமல்ல, வயரை மாற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் விலை பேசும்போது சொல்லிக்காட்டலாம்.